மோட்டார் வண்டியும் மூச்சுக் காற்றும்

இஞ்சின் ஆயிலை எப்போது மாற்றினோம், டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது, பாட்டரிக்கு வயது என்ன என்னும் விவரங்களை நினைவில் வைத்திருக்கிற வண்டிச் சொந்தக்காரர்கள் பலர் உண்டு. ஆனால் வண்டியில் ஏறி அமர்ந்த கணம் முதல் இறங்கும் வரையில் தாமும் தம் குடும்பத்தாரும் சுவாசிக்கின்ற காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, வருகிற வழியில் அதைச் சுத்தி செய்வது எது, அந்தப் பொருள் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. மெக்கானிக்குகள் ஏசி ஃபில்டர் என்றும், கம்பெனிப் புத்தகங்கள் கேபின் ஏர் ஃபில்டர் என்றும் குறிப்பிடுகின்ற அந்தப் பொருள், ஏறக்குறைய ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் கொண்ட மடிப்பு மடிப்பான ஒரு வெள்ளைத் தாள்தான். அதை மாற்றுவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை. கால் மணி நேர ஓய்வும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும். இவ்வளவு எளிய காரியத்தை அவரவர் சொந்தக் கையால் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கை செய்யும் வேலை சரியாக அமைய வேண்டுமானால், அந்தத் தாள் எப்படித் தூசியைப் பிடிக்கிறது என்பதை அறிவு முதலில் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அதைக் கையாளுவதில் ஜனங்கள் செய்கின்ற தவறுகளில் பெரும்பாலானவை, அது ஒரு சல்லடை என்று எண்ணிக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன. அது சல்லடை அன்று.

முதலில் காற்றின் பாதையைப் பார்ப்போம். பானெட் முடிந்து முன் கண்ணாடி தொடங்குகின்ற இடுக்கில், வைப்பர் கைகள் புறப்படும் இடத்தை ஒட்டி, வரிவரியாகத் துவாரங்கள் கொண்ட கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்று அநேகமாக எல்லா வண்டிகளிலும் உண்டு. வெளிக்காற்று உள்ளே நுழையும் வாசல் அதுவே. வண்டி ஓடும்போது கண்ணாடியின் சரிவில் வந்து மோதுகிற காற்று அங்கே சற்று அழுத்தம் பெற்று நிற்பதால், உள்ளே புகுவதற்கு வாகான இடம் அதுவென்று கண்டு வண்டி கட்டியவர்கள் அந்த வாசலை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்தாற்போல் ஒரு சிறு கதவு. டேஷ்போர்டில் உள்ள பொத்தானை ஒரு பக்கம் வைத்தால் அந்தக் கதவு வெளிக்காற்றை அனுமதிக்கும். மறுபக்கம் வைத்தால் வெளி வாசலை அடைத்துவிட்டு, வண்டிக்குள் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றவிடும். எந்தக் காற்றானாலும் அநேக வண்டிகளில் அது நம் மடிப்புத் தாளைக் கடந்தே தீர வேண்டும். பிறகு விசிறி, அதன்பின் கூலிங் காயில், அதையும் தாண்டி நம் முகத்துக்கு நேரே உள்ள ஜன்னல்கள்.

கூலிங் காயில் என்பது மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு பெட்டகம். அதற்குள் ஓடுகின்ற திரவம் வாயுவாக மாறும்போது சுற்றிலும் உள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளுவதால் தகடுகள் குளிர்கின்றன. குளிர்ந்த தகடுகளின்மேல் காற்றில் உள்ள ஈரம் நீராகப் படிந்து, ஒரு குழாய் வழியே இறங்கி, நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுவதை நாம் தினந்தோறும் காண்கிறோம். எப்போதும் நனைந்திருக்கும் அந்தத் தகடுகளின் மீது தூசி வந்து படிந்தால் அது சேறாகும். சேற்றில் பூஞ்சணம் வளரும். வண்டியை எடுத்து ஏசியைப் போட்டவுடன் முகத்தில் அடிக்கிற அந்தப் புளித்த வாடை அதனால் வருவதே. ஆகவே நம் தாள் நம்முடைய நுரையீரலுக்கு மாத்திரமன்றி, காயிலுக்கும் காவலாக நிற்கிறது.

வெளிக்காற்றை விசிறியால் இழுத்து, வடிகட்டி, பதம் செய்து உள்ளே அனுப்பவேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1938-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் நாஷ் என்னும் மோட்டார் கம்பெனி அத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தன் வண்டிகளில் அமைத்தது. நம் நாட்டிலோ கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டு பிரயாணம் செய்வதே வெகுகாலம் வழக்கமாக இருந்தபடியால், இந்தத் தாளைப் பற்றிக் கவலைப்பட நேர்ந்தது சமீப காலத்தில்தான். குறைந்த விலை வண்டிகள் சிலவற்றில் தாளை வைப்பதற்கான இடம் மாத்திரம் இருந்து, தாள் இல்லாமலே வண்டி விற்கப்பட்டிருப்பதும் உண்டு.

வேப்ப மரத்தடியில் நிறுத்தப்படும் ஒரு வண்டியில், ஒரு வருஷம் ஓடிய தாளைச் சித்திரை மாதம் கழிந்தபின் வெளியே எடுத்துப் பார்த்தால் என்ன இருக்கும் என்று சொல்லுகிறேன். மேல்மடிப்புகளில் உலர்ந்த வேப்பம்பூக்கள் வெண்ணிறம் மாறிப் பழுப்பாகக் கிடக்கும். அவற்றினிடையே புளிய மரத்தின் சிற்றிலைகள், ஈசல் இறகுகள், கொசுவின் கால்கள், இலவம் பஞ்சின் இழை ஒன்றிரண்டு. இவற்றைத் தட்டிவிட்டு மடிப்பை விரித்தால், ஓரத்தில் செம்மண் நிறமும், மடிப்பின் ஆழத்துக்குப் போகப் போகச் சாம்பல் நிறமும், இன்னும் உள்ளே கரிய நிறமும் காணும். பூவும் இலையும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றைப் பார்த்து முகஞ்சுளிக்கிறோம். ஆனால் நமக்குத் தீங்கு செய்யக்கூடியது அந்தக் கருமையே. டீசல் லாரியின் புகைக்குழாயிலிருந்து புறப்பட்ட கரித்துகள், டயர் தேய்ந்து பறந்த பொடி, பிரேக்கின் இரும்புத்தூள், தீபாவளியன்று வெடித்த வாணத்தின் புகை, போகியன்று கொளுத்திய பழம்பொருள்களின் புகை எல்லாம் அந்தக் கருமையில் சேர்ந்திருக்கின்றன.

இந்தத் துகள்களின் பருமனை அளப்பதற்கு மைக்ரான் என்னும் அளவு வழங்குகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதனுடைய தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் தடிப்புள்ளது. பூந்தாதுக்கள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலையும் நீரொழுக்கையும் உண்டாக்குமே தவிர ஆழமாகப் போகமாட்டா. 2.5 மைக்ரானுக்குட்பட்டவையோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று சேரும் சக்தி படைத்தவை. கரித்துகளில் பெரும்பகுதி ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ளது. இந்த 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள்கள் வருஷச் சராசரியில் கன மீட்டர் ஒன்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வரையறுத்திருக்கிறது. நம் தேசத்தில் 2009-இல் விதிக்கப்பட்ட எல்லையோ 40 மைக்ரோகிராம். இரண்டுக்கும் உள்ள எட்டு மடங்கு வித்தியாசத்தை மனத்தில் கொண்டு, நெரிசலான ஒரு சாலையில் லாரியின் பின்னால் நிற்கும்போது நம்முடைய முன் கண்ணாடியின் அடிவாசல் எதை இழுத்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, தாள் இந்தத் துகள்களைப் பிடிக்கும் விதம். அந்தத் தாள் நெய்யப்பட்டதன்று. உருக்கிய பிளாஸ்டிக்கை மெல்லிய இழைகளாக ஊதி, ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்று விழச்செய்து உண்டாக்கப்பட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இழைகளுக்கு இடையே உள்ள வெளி, பிடிக்கவேண்டிய துகளைக் காட்டிலும் பல மடங்கு, சில சமயம் நூறு மடங்குகூடப் பெரிதாக இருப்பது தெரியும். அவ்வாறாயின் துகள் ஏன் தப்பிப் போவதில்லை? நியாயமான இந்தக் கேள்விக்கு விடை, துகளின் பருமனுக்குத் தக்கபடி மாறுகின்றது.

காற்று ஓர் இழையை நெருங்கும்போது அதை முட்டாமல் இருபுறமும் பிரிந்து வளைந்து செல்கிறது. காற்றோடு வருகின்ற துகள் கனமானதாக இருந்தால், தான் பெற்றிருக்கும் வேகத்தின் காரணமாக அவ்வளவு சட்டென்று வளைய இயலாமல், நேரே போய் இழையின்மேல் மோதிவிடுகிறது. ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட மண் தூசிகள் பெரும்பாலும் இவ்விதமே சிறைப்படுகின்றன. சற்றுச் சிறியதான துகள் காற்றோடு கூடவே வளைந்து சென்றாலும், இழைக்கு மிக அருகாகச் செல்ல நேர்ந்தால் அதன் விளிம்பு இழையை உரசி ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு சிறிய வஸ்துக்களின் உலகத்தில் ஒருமுறை தொட்டது மீண்டும் விடுபடுவது அரிது. வான் டெர் வால்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானியின் பெயரால் வழங்குகின்ற அணுக்கவர்ச்சி, அந்தத் துகளின் எடையைவிடப் பன்மடங்கு வலியதாக நின்று அதைப் பற்றிக்கொள்கிறது.

மிகச் சிறிய துகள்களின் விஷயமே எல்லாவற்றினும் ஆச்சரியமானது. ராபர்ட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்து தேசத்துத் தாவர சாஸ்திரி, 1827-ஆம் வருஷம் பூந்தாதிலிருந்து வெளிப்பட்ட நுண்பொடிகளை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை ஓயாமல் இங்குமங்கும் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். உயிரில்லாத பொருள்களின் பொடியும் அவ்வாறே துடிப்பதை அவர் பரீட்சித்து அறிந்ததால், அது உயிரின் செயல் அன்றென்பது நிச்சயமாயிற்று. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் நாலாபுறமும் இடைவிடாது மோதுவதால் விளைவதே அந்தத் துடிப்பு என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டினார். பிரான்ஸ் தேசத்து ழான் பெர்ரன் அதைச் சோதனையால் உறுதிப்படுத்தினார். காற்றில் மிதக்கின்ற கரித்துகளுக்கும் இதே கதிதான். துகள் சிறிதாகச் சிறிதாக அதன் தள்ளாட்டம் அதிகமாகிறது. தென்னந்தோப்பு ஒன்றில் மரங்கள் எட்டி எட்டி நின்றாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு திசை தெரியாமல் அலைகிறவன் தோப்பின் மறு எல்லையை அடைவதற்குள் ஏதேனும் ஒரு மரத்தில் முட்டிக்கொள்வது நிச்சயமல்லவா? இழைகளின் தோப்பில் நுண்துகளுக்கு நேர்வதும் அதுவே.

இவற்றிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு கிடைக்கிறது. பெரிய துகள் தன் கனத்தால் பிடிபடுகிறது. மிகச் சிறியது தன் தள்ளாட்டத்தால் பிடிபடுகிறது. இரண்டுக்கும் நடுவே, கனமும் போதாமல் தள்ளாட்டமும் போதாமல் இருக்கின்ற ஒரு பருமன்தான் எல்லாவற்றினும் சுலபமாகத் தப்பிச் செல்கிறது. இழைகளில் மின்சாரம் ஏற்றப்படாத சாதாரண வடிகட்டிகளில் அந்தப் பருமன் ஏறத்தாழ 0.3 மைக்ரான். அணுசக்தி நிலையங்களிலும் அறுவைச் சிகிச்சை அறைகளிலும் வைக்கின்ற உயர்ந்த ரக வடிகட்டிகளை அந்தப் பருமனுள்ள துகளைக் கொண்டே பரீட்சிப்பதற்குக் காரணம் இதுதான். சல்லடையாக இருந்தால் சிறியது போகும், பெரியது நிற்கும். இங்கோ பெரியதும் நிற்கிறது, சிறியதும் நிற்கிறது, நடுத்தரமானது போகிறது.

அந்த நடுத்தரத்தையும் விடாமல் பற்றுவதற்கு விஞ்ஞானிகள் கையாண்ட உபாயம் மின்சாரம். ஜப்பானிய பௌதிக சாஸ்திரியான மோட்டோடாரோ எகுச்சி என்பவர் 1919-ஆம் வருஷத்தை ஒட்டிச் செய்த சோதனையில், ஒருவகைப் பனையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகைப் பிசினோடு கலந்து உருக்கி, வலிய மின்புலத்தின் நடுவே அதை உறைய வைத்தார். உறைந்த மெழுகு, மின்புலத்தை அகற்றிய பிறகும் வருஷக்கணக்காகத் தன் மின் தன்மையை இழக்காமல் இருந்தது. காந்தத்துக்கு இரும்பு எப்படியோ, மின்சாரத்துக்கு இத்தகைய பொருள் அப்படி. இதை எலெக்ட்ரெட் என்பார்கள். பிற்காலத்தில் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிழைகளுக்கு இந்தத் தன்மையை ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு சிறந்த முறையை 1990-களில் கண்டவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். கொரோனாக் காலத்தில் வைத்தியர்கள் அணிந்த முகக்கவசங்களில் இருந்தது அத்தகைய துணியே. நம் வண்டியின் தாளிலும் அநேகமாக அதே வகைத் துணிதான். அதன் ஒவ்வோர் இழையும் ஓயாத மின்கவர்ச்சியோடு நிற்பதனால், இழைகளை நெருக்கமாக அடுக்கிக் காற்றைத் தடுக்காமலே, எட்டச் செல்கின்ற துகளையும் தன்பால் வளைத்து இழுக்க முடிகிறது. விசிறியின் சக்தி குறைந்த ஒரு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைக்க முடியாது.

இதை அறிந்தவர், தாளைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி வெயிலில் உலர்த்தி மீண்டும் மாட்டமாட்டார். சோப்பும் சாராயச் சத்தும் இழைகளின் மின் தன்மையைக் கலைத்துவிடுகின்றன. உலர்ந்த தாள் பார்ப்பதற்குப் புதிதாக வெளுத்திருந்தாலும் நடுத்தரத் துகளைப் பற்றும் ஆற்றல் அதனிடம் இல்லை. பெட்ரோல் பங்கிலோ பட்டறையிலோ காற்றுக் குழாயைப் பிடித்து ஊதிக் கொடுப்பதும் இத்தன்மையதே. இலையும் மண்ணும் பறந்துபோகின்றன, சொந்தக்காரருக்குத் திருப்தி உண்டாகிறது. ஆழத்தில் ஒட்டிய கரி போவதில்லை, அதனோடு மெல்லிய இழைகள் ஆங்காங்கே கிழிந்து, காற்றுக்குத் தடையில்லாத புது வழிகள் திறந்துவிடுகின்றன. ஒரு நெடும்பிரயாணத்தின் நடுவில் வேறு வழியின்றி இலைகளைத் தட்டிப் போடுவதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊதியதை மாற்றியதற்குச் சமமாகக் கருதுவது பெருந்தவறு. கழுவி உபயோகிப்பதற்கென்றே தயாரிக்கப்படும் சில வகைகள் உண்டு; அவற்றில் அந்த விவரம் எழுதப்பட்டிருக்கும்.

மடிப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு சட்டத்தில், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் 25 மடிப்புகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு முகங்கள் வீதம், விரித்த தாளின் பரப்பு 2,000 சதுர சென்டிமீட்டர்; அதாவது சட்டத்தின் பரப்பைப்போல ஐந்து மடங்கு. பரப்பு ஐந்து மடங்கானால், தாளின் ஊடே செல்லும் காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மெதுவாகச் செல்லும் காற்றில் நுண்துகளுக்குத் தள்ளாட அவகாசம் கிடைக்கிறது, பிடிபடுகிறது.

சில தாள்கள் வெண்மையாக இராமல் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும். இவற்றில் இரண்டு துணிகளுக்கு நடுவே செறிவூட்டிய கரி வைக்கப்பட்டிருக்கிறது. தூசியைப் பிடிக்கும் துணியால் வாயுக்களைப் பிடிக்க முடியாது. அதற்கு இந்தக் கரி வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றில்லாமல் எரித்துக் கரியாக்கி, பிறகு கடும் உஷ்ணத்தில் நீராவியைச் செலுத்தினால், அந்தக் கரியின் உடல் முழுவதும் எண்ணிறந்த நுண்துவாரங்கள் விளைகின்றன. ஒரு கிராம் கரியின் துவாரங்களது சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட் நிலம், மூடப்படும். முதலாவது உலக யுத்தத்தில் விஷவாயு வீசப்பட்டபோது, ரஷ்யாவில் நிக்கொலாய் ஜெலின்ஸ்கி 1915-இல் கரி நிறைத்த முகமூடியை உருவாக்கினார். அமெரிக்கர்கள் பழக்கொட்டைகளையும் சிரட்டைகளையும் வீடு வீடாகத் திரட்டி அதற்குக் கரி செய்தார்கள். இன்று காங்கயம், பொள்ளாச்சிப் பக்கத்துச் சிரட்டைகளும் இலங்கையின் சிரட்டைகளும் இந்தத் தொழிலுக்காகவே கரியாகி உலகெங்கும் கப்பலேறுகின்றன. நம் தென்னையின் ஓடு, ஏதோ ஒரு தேசத்துச் சாலையில் யாரோ ஒருவருடைய மூச்சைக் காத்து நிற்கக்கூடும் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது.

பென்சீன், டொலுயீன் முதலிய பெட்ரோல் ஆவிகளையும், சாக்கடை நாற்றத்தையும், ஓஸோனையும் இந்தக் கரி பற்றிக்கொள்ளும். ஆனால் அதன் துவாரங்கள் நிறைந்துவிட்டால் நிறைந்ததுதான். நிறைந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நிறுத்தி வண்டி சுட்டுப்போனால், பிடித்ததில் ஒரு பகுதியைக் கரி திரும்ப வெளியே விடுவதும் உண்டு. கார்பன் மோனாக்ஸைடு என்னும் உயிர்கொல்லி வாயுவையோ எந்த ரகத் தாளும், எவ்வளவு விலையுயர்ந்த கரியும் தடுக்கமாட்டா. ஆதலால் அடைத்த ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட்டு, ஃபில்டர் இருக்கிறதென்ற தைரியத்தில் வண்டிக்குள் அமர்ந்திருப்பது பிராணாபத்தான காரியம்.

வெளியே தூசியென்றால் கதவை அடைத்து உள்காற்றையே சுற்றவிட்டுப் போகலாமே, தாள் எதற்கு என்று கேட்போர் உண்டு. சிறிது கணக்கிட்டால் விடை தெரியும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நான்கு பேர் அமர்ந்த வண்டியில் பத்து நிமிஷத்தில் சேர்வது 12 லிட்டர். ஒரு சிறு வண்டியின் உள்வெளி 3,000 லிட்டர் என்று கொண்டால், காற்று சிறிதும் கசியாத நிலையில், பத்து லட்சம் பங்கில் 4,000 பங்கு கரியமில வாயு அந்தப் பத்து நிமிஷத்தில் கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதோ 420 பங்கு அளவே. வண்டியின் சந்துகளில் காற்று கசிவதால் உண்மையில் இவ்வளவு ஏறாது என்றாலும், தலைக்கனமும் கொட்டாவியும் மந்தமும் உண்டாவதற்கு வேண்டிய அளவுக்கு ஏறிவிடுகிறது. வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் செருகினால் விளைவது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விட்டே ஆகவேண்டும். அப்படி விடும் காற்றைத் தூசியின்றி விடுவதற்குத்தான் இந்தத் தாள். ஓய்வாக இருக்கும் மனிதன் ஒரு மணி நேரத்தில் சுவாசிப்பது அரைக் கன மீட்டர் காற்றுதான். வண்டியின் விசிறியோ உச்ச வேகத்தில் மணிக்கு 300 கன மீட்டர் அளவுக்குத் தாளின் வழியே தள்ளுகிறது. அதனால் நல்ல தாள் இருந்தால், கதவைத் திறந்து மூடியபோது புகுந்த தூசியும் சில நிமிஷங்களில் அடங்கிவிடும்.

இனி வேலையைத் தொடங்கலாம். கடையில் வண்டியின் பெயர், மாடல், வருஷம் மூன்றையும் சொல்லி வாங்க வேண்டும். சாதாரணத் தாள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், கரித் தாள் கூடுதல். நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் இடப்புற முன்னிருக்கைக்கு எதிரே உள்ள குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் தாள் இருக்கிறது. சில ஐரோப்பிய வண்டிகளில் பானெட்டுக்கு அடியில், வைப்பருக்குக் கீழே இருக்கும். இஞ்சினையும் விசிறியையும் நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். குளோவ் பாக்ஸில் உள்ள இன்ஷூரன்ஸ் காகிதம், டார்ச், சுங்கச்சாவடி ரசீதுகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, பெட்டியைத் திறந்து, அதன் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால், அதைத் தடுத்து நிற்கும் பிளாஸ்டிக் முளைகள் விலகிப் பெட்டி கீழே தொங்கும். சில வண்டிகளில் பெட்டியின் பக்கத்தில், அது மெதுவாகத் திறப்பதற்கென ஒரு சிறு கயிறோ தண்டோ மாட்டியிருக்கும். அதை முதலில் கழற்றிவிட வேண்டும். வலிந்து இழுக்க வேண்டிய இடம் இந்த வேலையில் எங்கும் இல்லை. இழுக்கத் தோன்றினால், கண்ணில் படாத ஒரு கொக்கி இன்னும் விடுபடவில்லை என்று பொருள்.

உள்ளே ஒரு நீண்ட மூடி தெரியும். அதன் ஓரக் கொக்கிகளை விரலால் அமுக்கி மூடியை எடுத்தவுடன், தாளை இழுப்பதற்கு முன்னால், அதன் சட்டத்தில் உள்ள அம்புக்குறி எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதைக் கவனித்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு தாளைச் சாய்க்காமல், சமமாகப் பிடித்தபடி, மெல்ல வெளியே உருவ வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் மடிப்பில் கிடக்கும் இலைகளும் மண்ணும் விசிறியின் கூட்டுக்குள் விழும். பிறகு விசிறி சுற்றும்போதெல்லாம் சடசடவென்ற ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். எலிகள் முன் கண்ணாடியின் அடிவாசல் வழியாகப் புகுந்து, தாளைக் குதறி அதன் பஞ்சால் கூடு கட்டியிருப்பதும் நம் ஊர்களில் அரிதன்று. அப்படிக் கண்டால் மூக்கை மூடிக்கொண்டு, கையுறை அணிந்து, எச்சங்களை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்தபடியே பெருக்கிப் பறக்க விடலாகாது.

புதிய தாளின் அம்பு, காற்று ஓடும் திசையைக் காட்ட வேண்டும். ஐயமிருந்தால் பழைய தாளைப் பார்த்தாலே போதும்: அழுக்கேறிய முகம் காற்று வருகின்ற பக்கம், சுத்தமான முகம் காற்று போகின்ற பக்கம். திசை மாறினால் என்ன என்று கேட்கலாம். பல தாள்களில் காற்று வரும் முகத்தில் பருத்த இழைகளும் பின்முகத்தில் மெல்லிழைகளுமாக அமைத்திருக்கிறார்கள். முரட்டுத் தூசி முன்னடுக்கில் தங்கினால் பின்னடுக்கின் நுண்ணிழைகள் நெடுநாள் உழைக்கும். தலைகீழாக மாட்டினால் நுண்ணிழைகள் முதலில் அடைபட்டுப்போகின்றன.

அம்பைக் காட்டிலும் முக்கியமானது ஓரம். தாளின் நான்கு விளிம்புகளும் கூட்டின் சுவரோடு இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே நாடிச் செல்லுமாதலால், ஓரத்தில் ஒரு பென்சில் கனத்துக்குச் சந்து இருந்தாலும், மடிப்புகளின் ஊடே வருந்திச் செல்ல வேண்டிய காற்றில் கணிசமான பாகம் அந்தச் சந்தின் வழியே தூசியோடு பாய்ந்துவிடும். விலை மலிவென்று அளவு பொருந்தாத தாளை வாங்கி அமுக்கித் திணிப்பவர்களுக்கு நேர்வது இதுதான்: தாளும் மடங்கி, சந்தும் திறந்து, பணமும் வீணாகிறது. கடைகளில் ரகத்தைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். பொருத்தத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என்னைக் கேட்டால், சாதாரண ரகமானாலும் சரியாகப் பொருந்தும் தாள், பொருந்தாத உயர்ந்த ரகத்தைவிட எவ்வளவோ மேல்.

வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும்படி கம்பெனிகள் சாதாரணமாகச் சொல்லுகின்றன. கல் குவாரிப் பக்கமும், பாலம் கட்டும் சாலைகளிலும், நூற்பாலைகளின் பஞ்சு பறக்கும் இடங்களிலும் ஓடுகிற வண்டிக்கு ஆறு மாதமே அதிகம். மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் சட்டத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிவைத்தால், அடுத்த முறை யூகத்துக்கு இடமிராது. எழுதாமல் விட்டவர்களுக்கும் வண்டியே சில குறிகளைக் காட்டும்: விசிறியின் ஓசை உரக்கக் கேட்டும் காற்று மெலிந்து வருவது, மழைநாளில் முன் கண்ணாடியின் உட்புறப் பனிப்பு கலைய வெகுநேரம் ஆவது, பின்னிருக்கைக்காரர் குளிர்ச்சி போதவில்லை என்று சொல்வது. அடைபட்ட தாளால் காயிலின்மேல் செல்லும் காற்று குறைந்து, சில சமயம் காயிலில் பனிக்கட்டி படர்ந்து காற்று அடியோடு நின்றுபோவதும் உண்டு. கேஸ் போய்விட்டது என்று எண்ணிப் பட்டறைக்குப் போகுமுன் தாளை ஒருமுறை உருவிப் பார்ப்பது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

பழைய தாளைக் குலுக்காமல் ஒரு பையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டு, மூடியையும் பெட்டியையும் கழற்றிய முறைக்கு நேர்மாறாக மாட்டி, கதவுகளைத் திறந்து வைத்து, விசிறியை உச்ச வேகத்தில் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட வேண்டும். வேலையின்போது உதிர்ந்த தூசி அதில் வெளியேறிவிடும். காற்றின் வேகம் கூடியிருப்பதை அப்போதே கையால் உணரலாம். அதற்குப் பிறகும் புளித்த வாடை நீங்கவில்லையானால் குற்றம் தாளில் இல்லை. காயிலின் தகடுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அல்லது நீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது டேஷ்போர்டின் உட்பகுதியைத் தொடுகிற வேலையாதலால், அதை மாத்திரம் ஏசி வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.